நீறு பூத்த குடல்

உடப்பில் கரைவலை இழுக்கும் ஓர் இளைஞனை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வயது இருபத்து நான்கு. மடி கரையேறும்வரை கயிற்றை விடாதவன், இப்போதெல்லாம் அம்பாப் பாட்டு முடியுமுன்பே மணலில் குந்திவிடுகிறான். சாப்பிட்டு ஒரு மணித்தியாலத்தில் வலது அடிவயிற்றில் குத்து. நாளைக்கு ஐந்தாறு தடவை வயிற்றோட்டம். மூன்று மாதத்தில் சாரம் இடுப்பில் நிற்கவில்லை.

"தம்பி, வாயு பிடிச்சிருக்கு. ஓமமும் உள்ளியும் அவிச்சுத் தாறன், குடி" என்கிறார் அம்மா. குடித்தான். பாமசியில் 'கேஸ்ட்ரிக்' மாத்திரை வாங்கிப் போட்டான். பூச்சி மருந்து எடுத்தான். மிளகாய்த் தூளை விட்டான், கருவாட்டை விட்டான். குத்து மட்டும் அவனை விடவில்லை.

இவன் நான் கற்பனை செய்த ஆள்தான். ஆனால் இவனுக்கு நடப்பதெல்லாம் குரோன் நோய்க்காரர்கள் பலருக்கும் நடக்கிற வழமையான கதை. வாயு, அல்சர், பூச்சி, சீதபேதி என்று மற்ற எல்லாப் பெயரையும் சூட்டிப் பார்த்த பிறகுதான் பெரும்பாலும் இந்தப் பெயருக்கு வந்து சேர்கிறார்கள்.

சிலாபம் மாவட்டப் பொது வைத்தியசாலையில் இரத்தம் பார்க்கிறார்கள். ஹீமோகுளோபின் குறைவு, உடம்பில் எங்கோ அழற்சி இருப்பதைச் சொல்லும் அளவு கூடுதல். மேல் பரிசோதனைக்கு ராகமைக்குத் துண்டு எழுதிக் கொடுக்கிறார்கள். புத்தளம் ரயில் பாதை பிரதான பாதையிலிருந்து பிரிகிற சந்தி அது. எங்கள் கரையிலிருந்து கொழும்புக்கு ரயிலில் போகிற எவரும் ராகமையைத் தாண்டாமல் போக முடியாது. இந்த நோயை இலங்கையில் எண்ணிக் கணக்கெடுத்தவர்கள் பணியாற்றியதும் அங்கேதான், களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில். மதுனில் நிரியெல்ல, ஜனக டி சில்வா முதலானோர் கொழும்பு, கம்பஹா மாவட்டங்களின் வைத்தியசாலைப் பதிவுகளைத் துருவி 2010இல் வெளியிட்ட கணக்கின்படி, ஓர் இலட்சம் பேரில் 1.2 பேருக்குக் குரோன் நோய், 5.3 பேருக்கு அதன் உடன்பிறப்பான அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். சிறிய எண்கள். ஒரு கிராமத்து டிஸ்பென்சரி வைத்தியர் தன் வாழ்நாளில் ஒருவரைக்கூடப் பார்க்காமல் ஓய்வுபெறலாம். அதனால்தான் பார்க்கும்போது அடையாளம் தெரிவதில்லை.

ராகமையில் பெருங்குடல் வழியாகக் கமரா விடுகிறார்கள். சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடம் வரைக்கும் அது போகிறது. நல்ல குடல் அந்த இடத்தில் இளஞ்சிவப்பாக, வெல்வெட் துணிபோல் இருக்கும். கிட்டப் பார்த்தால் மயிர்போன்ற விரலிகள், நீருக்குள் பாசி அசைவதுபோல் அசையும். இந்த இளைஞனுக்கு அங்கே தெரிவது வேறு காட்சி. கோடையில் களப்பு வற்றினால் ஓரத்துச் சேறு பாளம்பாளமாக வெடித்துக் கிடக்குமே, அப்படி. நீளவாக்கில் ஆழமான வெடிப்புகள், அவற்றுக்கு இடையில் வீங்கிப் புடைத்த திட்டுகள். கமராவைக் கொஞ்சம் நகர்த்தினால் ஒரு சாண் தூரத்துக்கு நல்ல குடல். பிறகு மறுபடியும் வெடிப்பு.

விட்டு விட்டுத் தாக்குவது இந்த நோயின் ஓர் அடையாளம். இன்னொன்று ஆழம். கொலைட்டிஸ் பெருங்குடலின் உள் தோலோடு நின்றுவிடும். குரோன் நோயோ வாய் முதல் மலவாசல் வரை எங்கும் வரும். வந்த இடத்தில் குடற்சுவரின் உள்ளிருந்து வெளிவரை முழுத் தடிப்பையும் தின்னும். மூன்று மில்லிமீற்றருக்கு மேல் போகாத சுவர் அது. வீக்கத்தில் அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆகும்.

1913இல் கிளாஸ்கோ நகரத்து அறுவைச் சிகிச்சை நிபுணர் கென்னடி டால்சியல், தான் கண்ட ஒன்பது நோயாளிகளின் குடல்களை விவரித்தபோது ஓர் உவமை சொன்னார்: செத்து விறைத்த விலாங்கு போல. எங்கள் கரையில் இந்த உவமைக்கு விளக்கம் தேவையில்லை. உயிரோடு கையில் வழுவுகிற அதே விலாங்கு, விறைத்த பிறகு வழவழப்பு மாறாமலே கட்டையாகிவிடும். மாடுகளுக்கு வரும் ஜோன் நோய் என்ற குடல் நோயையும் இது ஒத்திருப்பதை அவர் கவனித்திருந்தார். உலகம் அவரைக் கவனிக்கவில்லை.

பத்தொன்பது ஆண்டு கழித்து, 1932இல், நியூயோர்க்கின் மவுண்ட் சைனாய் வைத்தியசாலையைச் சேர்ந்த பரில் குரோன், லியோன் கின்ஸ்பேர்க், கோர்டன் ஒப்பன்ஹைமர் மூவரும் பதினான்கு நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அகரவரிசையில் குரோன் முதலில் வந்தார். பெயர் அவருக்குப் போனது. அந்த நோயாளிகளுக்குக் கத்தி வைத்தவர் ஏ.ஏ. பேர்க். கட்டுரையை எழுதுவதில் தனக்குப் பங்கில்லை என்று அவர் தன் பெயரைச் சேர்க்க மறுத்திருக்காவிட்டால் நாம் இன்று பேர்க் நோயைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம்.

இந்த நோய் எதனால் வருகிறது? ஒற்றைக் காரணம் கிடையாது. குடலுக்குள் கோடானுகோடி நுண்ணுயிர்கள். அவற்றுக்கும் நமது இரத்தத்துக்கும் நடுவே ஒரே ஒரு அடுக்கு உயிரணுக்கள். அந்த வேலிக்கு உள்ளே காவல் நிற்கும் வெள்ளணுக்களுக்கு, எது விருந்தாளி, எது திருடன் என்ற விவரம் தெரிந்திருக்க வேண்டும். சிலருக்குப் பிறப்பிலேயே அந்த விவரத்தில் கோளாறு. நொட்2 என்ற மரபணுவின் மாற்றங்களுக்கும் குரோன் நோய்க்கும் உள்ள தொடர்பை 2001இல் கண்டுபிடித்தார்கள். ஐரோப்பியரிடம் காணப்படும் அந்த மாற்றங்கள் ஆசியரிடம் அரிது; ஆகவே எங்கள் கதவு வேறெங்கோ உடைந்திருக்கிறது.

குடலுக்குள் ஓடுகிற சரக்குத்தான் நெருப்புக்கு விறகு என்பதற்கு நேரடிச் சாட்சி பெல்ஜியத்தின் லூவன் நகரத்திலிருந்து வந்தது. போல் ருட்கேர்ட்ஸ் குழுவினர், நோயுற்ற குடலை வெட்டி, மிச்சத்தை இணைத்த பின் மலம் அந்த இணைப்பைத் தொடாதபடி வயிற்றுக்கு வெளியே திருப்பிவிட்டார்கள். அப்படிச் செய்த ஐந்து பேருக்கும் ஆறு மாதம்வரை இணைப்பில் நோய் திரும்பவில்லை. மலத்தைப் பழைய பாதைக்கு விட்டதும் திரும்பி வந்தது. வாய்க்கால் தண்ணீரை மறித்தால் பாத்தி காய்கிறது, திறந்தால் நிறைகிறது என்பதுபோல் இருக்கிறது அந்த முடிவு.

நமது இளைஞனிடம் திரும்புவோம். அவனுக்குப் பிரட்னிசொலோன் கொடுக்கிறார்கள். ஸ்டீரொயிட் மருந்து. பத்து நாளில் குத்து நிற்கிறது. இரண்டு கிழமையில் சோற்றுக் கோப்பையைத் தூக்குகிறான். முகம் உருண்டு பொலிவாகிறது. அது மருந்தின் பக்கவிளைவு, ஊர் அதைச் சுகம் என்று நினைக்கிறது. பிரட்னிசொலோனைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும், அசதியோப்பிரின் மாத்திரையைத் தொடர வேண்டும், கிளினிக்குக்கு வரவேண்டும் என்று கொப்பியில் எழுதிக் கொடுத்தார்கள். சோளகக் காற்று எழும்பினால் கிழக்குக் கரைக்கு வாடி மாறிப் போகிற தொழில் அவனுடையது. போனான். கிளினிக் நாள் போயிற்று. மாத்திரையும் முடிந்தது.

"மருந்து போடுறியா தம்பி?"

"இப்ப ஒண்டுமில்லம்மா."

அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை என்பது உண்மை. சங்கடம் என்னவென்றால், குரோன் நோயில் ஆளுக்குத் தெரிவதும் குடலில் நடப்பதும் இரண்டு தனித்தனிக் கணக்குகள்.

1990இல் பிரான்சில் ரொபேர் மொதிக்லியானி குழுவினர் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். நோய் மூண்டிருந்த 142 பேருக்குப் பிரட்னிசொலோன் கொடுத்தார்கள். ஏழு கிழமையில் 92 வீதமானோர், நமது இளைஞனைப் போல, சுகம் என்றார்கள். கமரா விட்டுப் பார்த்தால், சுகம் என்றவர்களில் 29 வீதமானோருக்கு மட்டுமே குடற்புண் ஆறியிருந்தது. மிச்சம் எழுபது வீதத்துக்கு மேல், வலியில்லாமல் புண்ணோடு நடமாடிக்கொண்டிருந்தார்கள்.

தமிழில் இதற்கு ஒரு சொல் முன்பே இருக்கிறது: நீறு பூத்த நெருப்பு. ஆடி மாதத்தில் உடப்புத் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பைப் பார்த்தவர்களுக்கு அது வெறும் சொல்லும் அல்ல. அடியார்கள் இறங்கிப் போன பிறகு பூக்குழி மெல்ல வெளுக்கும். மேலே பஞ்சுபோல் சாம்பல். சின்னப் பிள்ளைகளை அந்தப் பக்கம் போகவிட மாட்டார்கள். குச்சியால் ஒரு கிளறு கிளறினால் அடியில் தணல் சிவந்து கிடக்கும். ஸ்டீரொயிட் செய்வது பெரும்பாலும் நீறு தூவும் வேலை. நெருப்பு மூளும் நேரத்தில் அது உயிரைக் காக்கும் மருந்து, அதில் சந்தேகமில்லை. ஆனால் குடலை ஆற்றி வைப்பதற்கு அதை நம்ப முடியாது.

இதே ருட்கேர்ட்ஸ் 1990இல் இன்னொரு கணக்கும் தந்தார். நோயுற்ற குடலை வெட்டி நீக்கிய ஒரு வருடத்தில் கமரா விட்டுப் பார்த்தபோது 73 வீதமானோருக்கு இணைப்புக்கு மேலே புதுப் புண்கள். அவர்களில் உடம்பால் நோயை உணர்ந்தவர்களும் உண்டு. ஆனால் மொத்தத்தில் அறிகுறி வந்தவர்கள் 20 வீதம்தான். மூன்று வருடத்தில் முதல் எண் 85 ஆயிற்று, இரண்டாவது 34 ஆயிற்று. முதலில் புண், பிறகுதான் வலி. அதுவும் வருடக் கணக்கில் பிந்தி. அறுவைக்குப் பிறகு சொல்லாமல் கொள்ளாமல் நோய் திரும்பிவிட்டது என்று வீட்டார் சொல்வது வழக்கம். அது எப்போதோ திரும்பியாயிற்று, சேதிதான் தாமதம்.

மறுபக்கமும் உண்டு. குடல் நன்றாக ஆறியிருக்க, வயிறு மட்டும் படுத்தும். சிறுகுடலின் கடைசிப் பகுதியை வெட்டியவர்களுக்குப் பித்த உப்பு அங்கே உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குள் போய் வயிற்றோட்டத்தைக் கொடுக்கும். சிலருக்கு ஆறிய பிறகும் குடல் நரம்புகள் தொட்டாற்சிணுங்கியாகவே இருந்துவிடும். இவர்களுக்கு அழற்சி மருந்தைக் கூட்டினால் பயன் ஒன்றுமில்லை, பக்கவிளைவுதான் மிச்சம். ஆக, வலியை மட்டும் கேட்டு மருந்தைக் கூட்டுவதும் பிழை, குறைப்பதும் பிழை.

ஆனால் பல பத்தாண்டுகளாக மருத்துவம் அதைத்தான் செய்து வந்தது. 1976இல் அமெரிக்காவில் ஓர் அளவுகோல் உருவாக்கினார்கள். நோயாளி ஏழு நாள் நாட்குறிப்பு எழுத வேண்டும்: எத்தனை தடவை வயிற்றோட்டம், எவ்வளவு வலி, மொத்தத்தில் எப்படி இருக்கிறீர்கள். அதோடு எடை, இரத்தத்தின் அடர்த்தி, இன்னும் சில. கூட்டி 150க்குக் கீழ் வந்தால் நோய் அடங்கியிருக்கிறது என்று கணக்கு. மருந்துகளைச் சோதித்தவர்களில் பெரும்பாலானோர் இதையே வைத்துக்கொண்டார்கள். 2010இல் வெளிவந்த சோனிக் என்ற பெரிய ஆய்வின் தரவுகளைப் பிற்பாடு அலசினால், இந்தக் கணக்குப்படி நோய் அடங்கியவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் கமராவிலோ இரத்தத்திலோ அழற்சி மிச்சமிருந்தது. நாணயத்தைச் சுண்டினாலும் கிட்டத்தட்ட அதே துல்லியம் கிடைத்திருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அப்படியானால் தணலை எப்படிக் கிளறிப் பார்ப்பது? மாதத்துக்கு ஒரு தடவை கமரா விட முடியாது. இரண்டு குச்சிகள் இருக்கின்றன.

ஒன்று இரத்தத்தில் பார்க்கும் சி.ஆர்.பி. உடம்பில் எங்கே அழற்சி மூண்டாலும் ஈரல் இந்தப் புரதத்தை அள்ளி விடும். அடங்கினால் பத்தொன்பது மணித்தியாலத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும்; அதனால் இன்றைய நிலவரத்தைச் சொல்லும். மலிவு. எந்த ஊரிலும் செய்யலாம். குறை என்னவென்றால், தடிமன் காய்ச்சலுக்கும் ஏறும். சிலருக்கோ குடல் எரிந்தாலும் ஏறவே ஏறாது.

மற்றது மலத்தில் பார்க்கும் கல்புரொடெக்டின். இது எனக்குப் பிடித்த பரிசோதனை, காரணத்தைச் சொல்கிறேன். நியூட்ரோபில் என்கிற வெள்ளணுவின் உள்ளே கரைந்திருக்கும் புரதத்தில் பாதிக்கு மேல் இதுவே. நுண்ணுயிர்களுக்குத் தேவையான நாகம், மங்கனீசு போன்ற உலோகங்களைக் கவ்விப் பிடித்து, அவற்றைப் பட்டினி போட்டுக் கொல்லும் ஆயுதம். குடற்சுவரில் அழற்சி இருந்தால் நியூட்ரோபில்கள் படையாக வந்து சுவரைத் தாண்டிக் குடலுக்குள் விழுந்து சாகும். அவற்றின் ஆயுதம் மலத்தோடு வெளியேறும். ஆற்றின் மேற்கரையில் காடு எரிவதை, கீழே துறையில் நிற்பவன் மிதந்து வரும் கரிக்கட்டையை எண்ணித் தெரிந்துகொள்வதுபோல. ஒரு கிராம் மலத்தில் 50 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் இயல்பு. 250க்கு மேலே என்றால் உள்ளே எரிகிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். நோர்வேயில் மாக்னே பாகெர்ஹோல் 1980இல் இந்தப் புரதத்தை இனங்கண்டார்.

தேவைப்படுவது ஒரு சின்னச் சிமிழும் அதன் மூடியில் பொருத்திய கரண்டியும். கடலைப் பருப்பளவு போதும். ஆனால் கிளினிக்கில் அந்தச் சிமிழை நீட்டும்போது முகத்தைத் திருப்பாதவர்கள் குறைவு. "இதையெல்லாம் எப்படி ரயிலில் கொண்டு வாறது?" என்று கேட்பார்கள். ஒரு பொலித்தீன் பையில் சுற்றி, அன்றைக்கே ஆய்வுகூடத்தில் சேர்க்கலாம். சாதாரண வெப்பத்தில் ஓரிரு நாள் தாங்கும் புரதம்தான், என்றாலும் எங்கள் பக்கத்து வெயிலில் பஸ் ஜன்னலோரம் வைத்துக்கொண்டு வராமல் இருப்பது நல்லது. இந்தப் பரிசோதனை மலிவல்ல, அதை மறைக்கவில்லை. கமராவோடு ஒப்பிட்டால் மலிவு, குடலை வெட்டுவதோடு ஒப்பிட்டால் மிக மலிவு.

அடியில் தணல் கிடந்தால் என்ன, வலியில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில் தழும்பில் இருக்கிறது. குடற்சுவர் புண்ணாகி ஆறி, புண்ணாகி ஆறி, ஒவ்வொரு ஆறலிலும் நார்த்திசு படிகிறது. தோலில் வெட்டுக்காயம் ஆறிய இடம் தடித்து இறுகுமே, அதுதான். ஆனால் குழாய் ஒன்றுக்குள் தழும்பு இறுகினால் பாதை சுருங்கும். டால்சியல் கண்ட விறைத்த விலாங்கு இப்படித்தான் உருவாகிறது. அல்லது வெடிப்பு சுவரை ஊடுருவி மறுபக்கம் வந்து, பக்கத்துக் குடலுக்கோ சிறுநீர்ப்பைக்கோ தோலுக்கோ துளை போடும். அழற்சியை அடக்கும் மருந்து எதுவும் தழும்பைக் கரைக்காது. அடங்காத நெருப்பு ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் குடலைத் தன் கணக்கில் எழுதிக்கொள்கிறது, அந்தக் கணக்கில் வரவு கிடையாது. பிரான்சில் ஜாக் கொஸ்ன் 2002இல் எழுதிய நீண்டகாலப் பதிவில், இருபது ஆண்டில் பெரும்பான்மையானோருக்குச் சுருக்கமோ துளையோ வந்திருந்தது.

ஆகவே கடந்த பதினைந்து ஆண்டில் கேள்வி மாறியிருக்கிறது. "வலி குறைந்ததா?" என்பதோடு "புண் ஆறியதா?" என்றும் கேட்கிறார்கள். 2017இல் வெளிவந்த காம் ஆய்வில் 244 நோயாளிகளை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு அறிகுறியைப் பார்த்து அடலிமுமாப் மருந்தைக் கூட்டினார்கள். மற்றதற்கு அறிகுறியோடு சி.ஆர்.பி., கல்புரொடெக்டின் அளவுகளையும் பார்த்து, எண் ஏறியிருந்தால் ஆள் சுகம் என்றாலும் கூட்டினார்கள். மருந்து ஒன்றே. 48 கிழமையில் புண் ஆறியவர்கள் முதல் பிரிவில் 30 வீதம், இரண்டாவதில் 46 வீதம். அந்த நோயாளிகளில் 122 பேரை மேலும் மூன்று ஆண்டுபோல் தொடர்ந்து பார்த்தார்கள். அறிகுறியும் இல்லை, கமராவிலும் புண் இல்லை என்ற இரட்டை நிலையை எட்டியவர்களுக்கு, வைத்தியசாலையில் படுப்பது, அறுவை, புதுத் துளை, சுருக்கம் போன்ற சங்கடங்கள் வரும் அபாயம் 81 வீதம் குறைவு.

2024இல் பிரித்தானியாவிலிருந்து புரொபைல் ஆய்வு வந்தது. 386 புது நோயாளிகள். படிப்படியாக மருந்தை ஏற்றுவதற்குப் பதில் தொடக்கத்திலேயே வலுவான இன்ஃப்ளிக்சிமாப் ஊசியோடு இன்னொரு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தவர்களில் 79 வீதமானோர் ஒரு வருடம் ஸ்டீரொயிட்டும் அறுவையும் இல்லாமல் இருந்தார்கள். பழைய முறையில் 15 வீதம். மருத்துவ ஆய்வுகளில் இவ்வளவு பெரிய இடைவெளி அடிக்கடி கிடைப்பதில்லை.

அப்படியென்றால் சிலாபத்திலும் முதல் நாளே அந்த ஊசியைப் போட வேண்டியதுதானே? இங்கேதான் இலண்டன் வேறு, இலங்கை வேறு. சிறுகுடலின் அதே கடைசிப் பகுதியைத் தேடிப் பிடிக்கும் இன்னொரு நோய் நம்மிடையே உண்டு: குடற் காசநோய். அதே மெலிவு, அதே குத்து, கமராவில் ஏறக்குறைய அதே புண். திசுவை நுண்காட்டியில் பார்த்தாலும் இரண்டிலும் கிரனுலோமா என்ற உருண்டைகள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் அன்னா புலிமூட் குழுவினர் 1999இல் இரண்டையும் பிரித்துக் காட்டினார்கள்: காசநோயில் உருண்டைகள் பெரிது, ஒன்றோடொன்று சேர்ந்திருக்கும், குரோனில் சிறிது, அருகலாக இருக்கும். அப்போதும் பல நோயாளிகளில் முடிவு சொல்வது கடினம். புது தில்லி எய்ம்ஸ் போன்ற இடங்களில் ஐயமிருந்தால் முதலில் காசநோய் மருந்து கொடுத்து, இரண்டு மாதத்தில் மறுபடி கமரா விட்டுப் புண் ஆறுகிறதா என்று பார்க்கும் வழக்கம் வந்தது. மருந்தே பரீட்சை. ஆள் மாறிப் போனால் விளைவு பயங்கரம். காசநோய்க்காரருக்கு இன்ஃப்ளிக்சிமாப் போட்டால், கிருமியைச் சிறை வைத்திருக்கும் காவலைக் கலைத்ததாகிவிடும். அந்த ஊசி புழக்கத்துக்கு வந்த மூன்றே ஆண்டில், 2001இல், காசநோய் கிளம்பிய 70 நோயாளிகளின் பட்டியல் வெளியானது. எனவே நம் பக்கத்தில் நெஞ்சு எக்ஸ்ரேயும் காசநோய்ப் பரிசோதனையும் முடியாமல் ஊசி இல்லை. வைத்தியர் தாமதிக்கிறார் என்று கோபிப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் நல்லது.

விலையும் ஒரு தடைதான். 2014இன் கடைசியில் இந்தியாவில் அடலிமுமாப்பின் நகல் மருந்து வந்த பிறகு தெற்காசியாவில் கொஞ்சம் இறங்கியது. என்றாலும் வாடியில் கூலி வேலை செய்பவருக்கு எட்டும் உயரம் அல்ல. அதனால் பழைய அசதியோப்பிரின்தான் பலருக்கும் துணை. அது மெல்ல வேலை செய்கிற மருந்து. இரண்டு மூன்று மாதம் பொறுக்க வேண்டும். ஆசியரில் சிலருக்கு நட்15 என்ற மரபணுவின் மாற்றத்தால் இதைப் போட்டதும் வெள்ளணுக்கள் சரசரவென்று விழும். ஆரம்பத்தில் அடிக்கடி இரத்தம் எடுப்பது அதற்காகத்தான். "சும்மா சும்மா ரத்தம் எடுக்கிறாங்க" என்று கிளினிக்கை விடுகிறவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

நோயாளியின் கையில் இருப்பவை சில. இடுப்பு வலிக்கு, தோள் வலிக்கு என்று பாமசியில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் குடலைப் புண்ணாக்கும். கல்புரொடெக்டினையும் ஏற்றிக் காட்டும். கயிறு இழுக்கிற உடம்புக்கு வலி மாத்திரை தினசரி உணவுபோல் ஆகிவிட்ட கரை இது, ஆகவே அழுத்திச் சொல்கிறேன். அடுத்தது புகை. அதே கொஸ்ன் குழு 2001இல் கண்டபடி, சிகரெட்டை விட்டவர்களுக்கு நோய் மீண்டும் மூளும் அபாயம் விடாதவர்களைவிட 65 வீதம் குறைவு. பல மருந்துகளுக்கு ஈடான பலன், செலவோ இல்லை, மிச்சம்தான். நோன்பு பிடிப்பவர்கள் ரமழானுக்கு முன்பே வைத்தியரிடம் கேட்டு மாத்திரை நேரங்களை மாற்றி எழுதிக்கொள்ளலாம். தானாக நிறுத்துவதுதான் ஆபத்து. மிளகாயும் கருவாடும் இந்த நோயை உண்டாக்குவதில்லை. சுருக்கம் இருப்பவருக்கு நார்ப் பண்டம் அடைக்கும், அது வேறு விஷயம்.

உணவின் பழி வேறு பக்கம் இருக்கலாம். 21 நாடுகளில் 1,16,000 பேரைத் தொடர்ந்த பியூர் ஆய்வு 2021இல் சொன்னது: ஆலையில் பதப்படுத்திப் பொட்டலம் கட்டிய பண்டங்களை நாளைக்கு ஐந்து தடவையோ அதற்கு மேலோ உண்பவர்களுக்கு, குரோனும் கொலைட்டிஸும் அடங்கிய குடல் அழற்சி நோய் வரும் அபாயம், ஒன்றுக்கும் குறைவாக உண்பவர்களைவிட 1.82 மடங்கு. இது தொடர்பு மட்டுமே, தீர்ப்பு அல்ல. ஆனால் இடம் மாறினால் நோய் மாறுகிறது என்பதற்குச் சாட்சி வலுவானது. கம்பஹாவும் பங்கெடுத்த 2011-12 ஆசிய பசிபிக் ஆய்வில், ஓர் இலட்சம் பேரில் வருடத்துக்குப் புதிதாக வந்த குடல் அழற்சி நோய்கள் ஆசியாவில் 1.37, அவுஸ்திரேலியாவில் 23.67. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 2015இல் பார்த்தபோது, தெற்காசியாவிலிருந்து போய்க் குடியேறியவர்களுக்கு இந்த நோய் குறைவு. அவர்கள் அங்கே பெற்ற பிள்ளைகளுக்கோ உள்ளூர்ப் பிள்ளைகளுக்குச் சமமான அளவு. ஒரே தலைமுறை. இரத்தம் அதே இரத்தம். டொரொண்டோவில் பேரப்பிள்ளைகள் இருக்கும் அம்மம்மாக்கள் 'எங்கட பரம்பரையில இல்லாத வருத்தம்' என்று திகைப்பதன் காரணம் இதுதான். வென்னப்புவையிலிருந்து இத்தாலிக்குப் போன குடும்பங்களுக்கும் இந்தக் கணக்கு தொலைவில் இல்லை. ஊரில் இருக்கிற நமக்கும், கடையில் தொங்கும் பைக்கற்றுகளைப் பார்த்தால், அவ்வளவு தொலைவாகத் தெரியவில்லை.

உடப்பு இளைஞனின் கதைக்கு இரண்டு முடிவு எழுதலாம். ஒன்றில் அவன் இரண்டு வருடம் சுகமாகத் திரிந்து, ஒரு நாள் வயிறு பானைபோல் ஊதி, வாந்தியோடு சிலாபத்தில் இறங்குகிறான். விறைத்த விலாங்காகிவிட்ட ஒரு முழக் குடலை வெட்டியெடுக்கிறார்கள். மற்றதில் அவன் கிழக்குக் கரைக்குப் போகுமுன் அங்கே எந்த வைத்தியசாலையில் கொப்பியைக் காட்டலாம் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்கிறான், மாத்திரையை விடவில்லை, எண் ஏறியபோது, வலியில்லாமலே ராகமைக்கு ரயிலேறுகிறான்.

உங்கள் வீட்டில் குரோன் நோய்க்காரர் இருந்து, அவர் இப்போது சுகமாகவும் இருந்தால், அடுத்த கிளினிக் நாளில் கொப்பியை நீட்டி இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "டொக்டர், என்ட கல்புரொடெக்டின் கடைசியா எப்ப பார்த்தது, எவ்வளவு இருந்தது?"